வானம் யாருக்குக் கடிதம் எழுதுகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 10 பிள்ளைகளை அநுராதபுரத்துக்குக் கூட்டிப்போனோம். வண்ணாத்திவில்லிலிருந்து சுபஹோடு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். திசா வெவ அருகே ரன்மசு உயன இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் வட்டமாக ஒரு செதுக்கல். வட்டத்துக்குள் வட்டங்கள், கோடுகள், ஓரத்தில் மீன், ஆமை போன்ற நீர்வாழ் உயிர்கள். சிங்களத்தில் சக்வல சக்கரய என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் அதைப் பார்த்துவிட்டு, பழைய பௌத்த உலகக் கருத்தை வைத்து வரைந்த ஒருவகை உலகப் படமாக இருக்கலாம் என்று எழுதினார். நான் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு பையன் கைத்தொலைபேசியை நீட்டினான். "சேர், யூடியூப்ல இது வேற்றுக்கிரகவாசி வந்து போற வாசல் என்டு சொல்றாங்க."

அதற்கு ஆதாரம் இல்லை மகன் என்றேன். அவன் விடவில்லை. "நீங்க பால் கிதாபு பாக்குறதும் பொய், சாதகமும் பொய் என்டு சொல்றீங்க. ஆனா வகுப்புல, வேற கிரகத்துல உயிர் இருக்கலாம் என்டு சொன்னீங்க. ரெண்டும் கண்ணால காணாததுதானே? ஒன்டுக்கு மட்டும் ஏன் சேர் இடம் கொடுக்குறீங்க?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று, கேள்வி நியாயமானது. இரண்டு, அந்தப் பையனுடைய ராத்தாவின் கதை எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி உலகத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவர் நம் நாட்டில்தான் வாழ்ந்தார். ஆதர் சி. கிளார்க். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கிப் பார்த்தார். 1956இல் இங்கேயே குடிவந்தார். 2008 மார்ச் 19இல் இறக்கும்வரை, ஐம்பது வருடத்துக்கு மேல், இதுதான் அவர் வீடு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். நாம் தொலைக்காட்சிக்கு வைக்கும் டிஷ் அன்டெனா ஏன் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது? பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கும் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றும், அதனால் நமக்கு ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அப்படி மூன்றை வைத்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதியவர் அவர்.

1953இல் அவருடைய ஒரு நாவல் வந்தது. பூமியின் பெரிய நகரங்களுக்கு மேலே வேற்றுக்கிரகக் கப்பல்கள் வந்து நிற்பதில் கதை தொடங்குகிறது. 1968இல் அவரும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001' படம். 1973இல் 'ரெண்டெவூ வித் ராமா'. பறக்கும் தட்டுப் பிரியர்கள் கொண்டாடும் மனிதர் இவர். அப்படியானால் இவர் சாதகமும் பார்த்திருப்பார், கைரேகையும் நம்பியிருப்பார் என்று நினைப்பீர்கள்.

இல்லை. ஐம்பதுகளில் அமானுஷ்ய சக்திகள் பற்றி அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது உண்மை. 1974இல் கரண்டி வளைக்கும் யூரி கெலரை இலண்டனில் நேரில் பார்த்து ஒரு கணம் அசந்தும் போனார். பிறகு தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார். 1990இல் அந்தப் பழைய நாவலுக்குப் புதிய முன்னுரை எழுதியபோது, பறக்கும் தட்டிலும் அமானுஷ்யத்திலும் தனக்கு ஏறத்தாழ நம்பிக்கையே இல்லாமல் போய்விட்டது என்று சொன்னார். தான் எழுதிய கதையைத் தானே நம்பவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. சோதிடம் பற்றிக் கேட்டால், தான் தனுசு ராசிக்காரன், தனுசு ராசிக்காரர்கள் எதையும் எளிதில் நம்பமாட்டார்கள் என்று பகிடியாகச் சொல்வார்.

அந்தப் பகிடிக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. டிசம்பர் 5ஆம் திகதி பிறந்த ஒருவர் மேல்நாட்டுக் கணக்கில் தனுசு. நம்மூர்த் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அவருக்குச் சூரியன் விருச்சிகத்தில். இரண்டு கணக்குக்கும் இடையில் ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். ஒரே பிள்ளை, ஒரே வானம், இரண்டு ராசி, இரண்டு குணம்.

கிளார்க் வாழ்ந்த அதே காலத்தில் கொழும்பில் இன்னொரு மனிதர் இருந்தார். அவர் என்னைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர். கலாநிதி ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தவர். கடைசியாகக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் படிப்பித்து 1959இல் ஓய்வுபெற்றார். அதன் பிறகுதான் பேய், பில்லிசூனியம், சோதிடம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ச் சோதித்தார். அவரிடம் வந்த ஒரு சம்பவத்தை வைத்துத் தமிழில் 'மறுபிறவி' என்று படமே வந்தது.

1963இல் அவர் ஒரு சவால் விட்டார். பரிசு ஒரு இலட்சம் ரூபா. அந்தக் காலத்து ஒரு இலட்சம் என்றால் என்னவென்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சோதிடர்களுக்கு அவர் வைத்த சோதனை மிக எளியது. பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் சரியாகவும், பிறந்த இடமும் குறித்த பத்துச் சாதகங்கள் தருவேன். அதில் யார் ஆண், யார் பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். நூற்றுக்கு ஐந்து வீதம் பிழையும் விடலாம்.

பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுத்தேன். ஒரு சாதகத்துக்கு நான்கு விடைகள்: உயிரோடுள்ள ஆண், இறந்த ஆண், உயிரோடுள்ள பெண், இறந்த பெண். பத்தையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 10,48,576இல் ஒன்று. குருட்டாம்போக்கில் வெல்ல முடியாது. ஆனால் சோதிடம் உண்மையென்றால் இது ஐந்து நிமிட வேலை. ஒருவர் எப்போது திருமணம் முடிப்பார், வெளிநாடு போவாரா, எத்தனை பிள்ளை என்றெல்லாம் சொல்கிறவருக்கு அவர் ஆணா பெண்ணா என்று சொல்வது பெரிய காரியமா? 1978 செப்டெம்பர் 18இல் கோவூர் காலமாகும்வரை அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தான் படிப்பித்த கல்லூரியின் விஞ்ஞானகூடத்துக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கோவூர் இறைவனையே மறுத்தவர். கிளார்க் தன் அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்தவர். நான் ஐவேளை தொழுகிறவன். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நான் போகமாட்டேன். ஆனால் பத்துச் சாதகத்தைக் கையில் கொடுத்து, சொல் பார்ப்போம் என்று கேட்ட அந்தக் கேள்வியை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இனிப் பையனின் கேள்விக்கு வருகிறேன். வேற்றுக்கிரகவாசியை எதிர்பார்க்கிற எல்லோரும் கிளார்க் போல இல்லை. அவர் கொழும்பில் முதன்முதலில் கால் வைத்த அதே 1954 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சம்பவம். சிக்காகோவுக்கு அருகே டொரதி மார்ட்டின் என்ற பெண், கிளாரியன் என்ற கிரகத்திலிருந்து தனக்குச் செய்தி வருவதாகச் சொன்னார். டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வந்து உலகம் அழியும், தன்னை நம்பியவர்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொண்டுபோகும் என்றார். நம்பியவர்கள் அவர் வீட்டில் கூடி நடுச்சாமம்வரை காத்திருந்தார்கள். தட்டும் வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. விடியுமுன் புதிய செய்தி வந்தது: நீங்கள் காத்திருந்த நம்பிக்கையின் ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டது! லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய தோழர்களும் 1956இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். சொன்னது பொய்த்த பிறகு நம்பிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்பதுதான் அவர்கள் சொன்ன முடிவு.

பிறகு நான்சி லீடர் என்ற இன்னொரு பெண் வந்தார். தன்னோடு வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதாகவும், ஒரு கிரகம் வந்து 2003இல் பூமியைப் புரட்டும் என்றும் சொன்னார். அந்த வருடம் ஒன்றும் நடக்காமல் கடந்தது. பிறகு அதே கிரகத்தின் கதை 2012க்கு மாற்றப்பட்டது. அந்த 2012இலும் திகதி டிசம்பர் 21! நம்மூரிலும் பிள்ளைகள் என்னிடம், உலகம் அழியப்போகுதென்றால் ஏன் சேர் வீட்டு வேலை தாறீங்க என்று கேட்டது நினைவிருக்கிறது.

டொரதி மார்ட்டினின் வேற்றுக்கிரகவாசியையும் கிளார்க்கின் வேற்றுக்கிரகவாசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ட்டினின் வேற்றுக்கிரகவாசிக்கு அவருடைய விலாசம் தெரியும். அவரைக் காப்பாற்றவென்றே அத்தனை தூரம் வருகிறார். 'ராமா' நாவலில் 50 கிலோமீற்றர் நீளமான ஒரு மாபெரும் உருளை சூரியத் தொகுதிக்குள் வருகிறது. மனிதர்கள் ஓடிப்போய் உள்ளே நுழைந்து பார்க்கிறார்கள். அது சூரியனைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டில் போய்விடுகிறது. நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகன், வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வேறு எங்காவது உயிர் இருக்கலாம் என்பது வானத்தைப் பற்றிய கேள்வி. தேடிப்பார்க்கலாம். கிடைக்காவிட்டால் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். செவ்வாய் உன் திருமணத்தைத் தடுக்கிறது, கிளாரியன்காரர் உன்னை ஏற்றிப்போக வருகிறார் என்பவை வானம் உனக்கே எழுதிய கடிதம் என்று சொல்பவை. அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்ட எப்போதும் நடுவில் ஒரு ஆள் இருப்பார். அவருக்குக் காசு கொடுக்கவேண்டும்.

ரோகிணி என்று சொல்லும் நட்சத்திரத்தின் ஒளி நம்மிடம் வர ஏறத்தாழ 65 வருடம் எடுக்கும். இன்றிரவு நாம் பார்க்கும் ரோகிணி, நம் உம்மாமார் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அல்லது அதற்கும் முன்னால் கிளம்பிய ஒளி. திருவாதிரையின் ஒளிக்கு ஐந்நூறு வருடத்துக்கும் மேல். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அந்தத் திருவாதிரை கண்ணுக்குத் தெரியும்படி மங்கிப்போனது. வெடிக்கப்போகிறதோ என்றுகூடப் பேசினார்கள். அது தானே கக்கிய தூசி அதன் ஒளியை மறைத்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நட்சத்திரமே மங்கியபோது திருவாதிரையில் பிறந்தவர்களுக்கெல்லாம் பலன் மாறியதா? மங்கும் என்று எந்தச் சோதிடராவது முன்கூட்டிச் சொன்னாரா?

இதை வாசிக்கும் நம்மவர்கள் சிலர், சோதிடம் மற்றவர்களுடைய பிரச்சினை, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அல்தபரான், ரிஜில் என்று வானத்து நட்சத்திரங்களுக்கு அரபுப் பெயர் இருப்பதில் நாம் பெருமைப்படுகிறோம். சரி. ஆனால் 762இல் கலீபா அல்மன்சூர் பக்தாத் நகரத்துக்கு அடிக்கல் வைக்க நாள் குறித்துக் கொடுத்தவர்கள் சோதிடர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அதே நாகரிகத்தில்தான் இப்னு சீனா சோதிடத்தை மறுத்துத் தனி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் அதை மறுக்க ஒரு அத்தியாயமே ஒதுக்கினார்.

அவர்களுக்கெல்லாம் முன்பு மதீனாவில் நடந்ததை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் மௌத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. 632 ஜனவரி 27 என்று கணித்திருக்கிறார்கள். சூரியனே துக்கம் காக்கிறது என்று மக்கள் பேசினார்கள். தன் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! புதிதாக ஒரு மார்க்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு வசதியாகவும் இருந்திருக்கும்! அவர்கள் அதை ஏற்கவில்லை. யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள். என் மகனுக்காகக்கூட வானம் கடிதம் எழுதவில்லை என்பதுதானே அதன் பொருள்? இதைப் படித்த நாம்தான் பால் கிதாபு பார்க்கப் போகிறோம்.

1955 ஜூன் 20இல் நம் நாட்டுக்கு மேலாக முழுச் சூரிய கிரகணம் போனது. 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட கிரகணம் அது. உச்சத்தில் 7 நிமிடத்துக்கும் மேல். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். அதேவேளை, கிரகண நேரத்தில் வசம்பு சேர்த்த ஒரு மருந்தைக் குடித்தால் அழகு கூடும் என்று நாடெங்கும் ஒரு கதை பரவியது. நம்பிக் குடித்த பெண்கள் பலர் நோயுற்று வைத்தியசாலைக்குப் போனார்கள். சிங்களவர்களிடம் வதகஹ சுதிய என்றால் இன்றும் அந்தக் கதைதான்.

அறுபது வருடம் கழித்தும் பெரிதாக மாறவில்லை. 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல் நினைவிருக்கிறதா? பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தபோதே மகிந்த ராஜபக்ச தேர்தலை அறிவித்தார். நாள் குறித்துக் கொடுத்தவர் அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன என்று நாடே பேசியது. வென்றது மைத்திரிபால சிறிசேன. அதே சிறிசேன 2017 ஜனவரி 26க்குள் இறந்துவிடுவார் என்று விஜித ரோஹண விஜேமுனி சொன்னார். 1987இல் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிப் பிடியால் தாக்கிய அதே முன்னாள் கடற்படைச் சிப்பாய்தான் அவர், பிறகு சோதிடரானவர். ஜனவரி 26 கடந்தது. ஜனாதிபதி நலமாக இருந்தார். சோதிடரைப் பொலிஸ் பிடித்தது. 2009இலும், ஜனாதிபதி பதவி இழப்பார் என்று சொன்ன ஒரு சோதிடரைக் கைதுசெய்தார்கள். சோதிடத்தை நம்பாத அரசாங்கம் சோதிடரைக் கைதுசெய்யுமா? சிரித்துவிட்டு விட்டிருக்கும்.

இவ்வளவு பொய்த்தும் ஏன் நம்பிக்கை போகவில்லை? பொருந்தியதை மட்டும் நாம் நினைவில் வைக்கிறோம். ஒரு உதாரணம். நமக்குத் தமிழில் விஞ்ஞானக் கதை வாசிக்கப் பழக்கிய சுஜாதா 2008 பெப்ரவரி 27இல் காலமானார். கிளார்க் மார்ச் 19இல். சரியாக 21 நாள். ஒரு சோதிடர் கையில் இது கிடைத்தால் என்னவெல்லாம் கட்டியிருப்பார்! இரண்டு முதியவர்கள், இருவரும் நோயாளிகள், ஒரே காலத்தில் இறந்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இனி அந்த ராத்தாவின் கதை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் சாதாரண தரம் எழுதவேண்டிய வருடம். வகுப்பில் கெட்டிக்காரி. வாப்பா கடல் தொழில். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனேன். உம்மா கதவோரம் நின்று சொன்னா: "இந்த வருஷம் அவளுக்கு எழுத்து சரியில்லையாம் சேர். பால் கிதாபுல வந்திருக்கு. எழுதினா பெயிலாம். மாப்பிள்ள பாக்கச் சொல்லிட்டார்."

சொன்னவர் யாரென்று நான் எழுதப்போவதில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். வாப்பாவோடு இரண்டு இரவு பேசினேன். பிள்ளை பாடசாலைக்கு வந்தாள். உம்மா பயம் தெளியாமல் அதே ஆளிடம் திரும்பப் போய், பன்னிரண்டாயிரம் ரூபா கொடுத்து, அந்த எழுத்தை மாற்ற ஒரு நூல் ஓதி வாங்கி மகளின் கையில் கட்டிவிட்டா.

ஒன்பது பாடமும் சித்தி. நான்கில் ஏ. இப்போது உயர்தரம் படிக்கிறாள். முடிவு வந்த அன்று உம்மா எனக்குத் தொதல் கொடுத்தனுப்பினா. கூடவே ஒரு செய்தியும்: "நூல் கட்டினதாலதான் சேர் தப்பிச்சோம்."

சிக்காகோவில் 1954இல் நடந்ததும் இதுதான். பெயிலாவாள் என்றது பொய்த்தது. பொய்த்ததே நூலுக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆளிடம் போகிறவர்கள் எங்கள் தெருவில் கூடியிருக்கிறார்கள்.

பஸ் புத்தளத்தைத் தாண்டி வண்ணாத்திவில்லுப் பக்கம் திரும்பியபோது இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு இல்லாத வானம். பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப உம்மாட்ட சொல்லி அந்த நூல அவுக்கச் சொல்லவா சேர்?"

"வேணாம் மகன்," என்றேன். "உம்மா பயந்துதான் கட்டினா. நீ ராத்தாட பழைய கொப்பி எல்லாத்தையும் எடுத்து உம்மாக்கு முன்னால அடுக்கு. அந்த வருஷம் அவ எத்தனை கொப்பி எழுதி முடிச்சா என்டு உம்மாவையே எண்ணச் சொல்லு."

திங்கட்கிழமை காலையில் கேற்றடியில் எனக்காக நின்றான்.

"சேர், முப்பத்தொன்டு. உம்மா ரெண்டு தரம் எண்ணினா."